அத்தைக்காக வளர்த்த சேவல்

எங்கள் வீட்டில் கருவாட்டு நாற்றம் அடிக்கும் என்று ஊரே சொல்லும். எங்கள் மூக்குக்குத்தான் அது எட்டாது. தூத்துக்குடியில் அப்பாவும் சித்தப்பாவும் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. அப்பாவின் தங்கையான அத்தையைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டத்தாரும் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனதற்கு அந்த நாற்றமே காரணம் என்று தரகர் சொன்னார். அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது. எழுபதுகளில் அந்த வயது வீட்டில் எல்லோர் தூக்கத்தையும் கெடுக்கப் போதுமானது.

மூன்றாவதாக, கோவில்பட்டிப் பக்கத்து வாத்தியார் ஒருவரின் வீட்டார் ஆவணியில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டால் எல்லாம் முறிந்தது என்று அர்த்தம். சித்தப்பா அன்றைக்கே சந்தைக்குப் போய், நெஞ்செலும்பு துருத்திய ஒரு நாட்டுச் சேவலை வாங்கி வந்தார்.

"வெள்ளக் கோழி பஞ்சு மாதிரி இருக்கும். நாட்டுக் கோழி போட்டாத்தான் மரியாதி. மூணு மாசத்துல இதத் தேத்திருதேன்" என்றார்.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கேட்டு ஒரு தீனி தயாரித்தார். கம்பு, தவிடு, இடித்த சிப்பி ஓடு, அதோடு ஒரு பிடி கருவாட்டுத் தூள். "அறுக்கதுக்குப் பதினஞ்சு நாளைக்கு முந்தியே கருவாட்ட நிப்பாட்டிரணும் அண்ணாச்சி. இல்லன்னா கறியில மீன் வாடை வந்துரும்" என்று கம்பவுண்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

எனக்கு எட்டு வயது. உடம்பு தேற வேண்டும் என்று அம்மா தினமும் காலையில் ஒரு கரண்டி சுறா எண்ணெய் கொடுப்பாள். அதை வாயில் அடக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, சேவலின் தவிட்டில் துப்பிவிடுவேன். நான் தப்பித்தேன், சேவலும் தேறியது. கழுத்து மினுமினுக்க அது நடந்த நடையைப் பார்த்துச் சித்தப்பா மீசையை முறுக்கிக்கொள்வார். பதினைந்து நாள் இருக்கும்போது அவர் கருவாட்டை நிறுத்தினார். நான் எண்ணெயை நிறுத்தவில்லை. கருவாட்டைத்தானே நிறுத்தச் சொன்னார்கள்.

அந்த நாளும் வந்தது. கடையை அடைத்து, வீட்டை மூன்று தடவை கழுவிச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். அத்தையைப் பார்த்தார்கள், பேசினார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். இலை போட்டாயிற்று. குழம்பை அம்மா ருசி பார்த்தாள், அப்பாவும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. கருவாட்டுக்காரர்களின் நாக்கு வேறு என்ன சொல்லும்?

மாப்பிள்ளையின் அம்மா முதல் வாய் வைத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"கோழிதானா இது?" என்று கேட்டார். "சாளை மீனு மாதிரில்லா இருக்கு."

சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. கதவுக்குப் பின்னால் அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்த அம்மாள் இலையை விட்டு எழுவதற்காக இடது கையைத் தரையில் ஊன்றினார்.

மாப்பிள்ளை தலை நிமிராமல் ஒரு துண்டைத் தின்று முடித்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "அக்கா, கோழியில இன்னும் ரெண்டு துண்டு வையிங்க. எலும்பில்லாமப் பாத்து வையிங்க" என்றார். அதையும் தின்றுவிட்டு மறுபடி கேட்டார். அவருடைய அம்மா மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊன்றிய கையை எடுத்துவிட்டு, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. என்னுடைய எண்ணெய்தான் கறிக்கு அந்த ருசியைக் கொடுத்தது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அடி விழும் என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மாமா எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசலிலேயே, "கோழி மட்டும் வேண்டாம்க்கா" என்று சொல்லிவிடுவார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். அன்றைக்குக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற மனிதருக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். அந்தக் கறி அவருக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தோன்ற வெகுகாலம் ஆயிற்று.