அப்பீல் போடச் சொன்ன கிளார்க்கின்ரை பாடு

கொழும்பிலை கோட்டுகள் இருக்கிற புதுக்கடையிலை லோயரிட்டைக் கிளார்க் வேலை எண்டால், மற்றவையின்ரை கெட்டகாலத்தை மூண்டு கொப்பியா டைப் அடிக்கிற வேலை. சண்டைக் காலத்திலை கோட்டுப்படி ஏறி இறங்கினவையளுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சிங்களம் தெரிஞ்ச குற்றம்

சிவநேசன் யாழ்ப்பாணத்து ஆள். வெள்ளவத்தை லொட்ஜ் ஒண்டிலை ஒரே அறையிலை ஆறு பேர். கொழும்பிலை தங்கிற தமிழர் பொலிசிலை பதியவேணும். அந்தப் படிவம் சிங்களத்திலை; அதை எழுதத் தெரிஞ்சவர் இவர் ஒராள்தான். எல்லாற்றை பேரையும் நிரப்பி, அறைக்குப் பொறுப்பானவர் எண்ட இடத்துக்கு ஒருத்தரும் முன்வராததாலை தன்ரை பேரையே போட்டிட்டார்.

பிறகொருநாள் சோதனையிலை அலுமாரிக்கு மேலை ஒரு பிஸ்டல் அகப்பட்டுது. ஆர் வைச்சதெண்டு இண்டைக்கும் தெரியாது. மற்ற ஐஞ்சு பேரையும் விட்டிட்டாங்கள். ஹைகோட் அந்தப் படிவத்தைப் பாத்து இவருக்கு ஐஞ்சு வருஷம் குடுத்தது. நான் மறியல்வீட்டுக்குப் போய், கம்பிக்கு இஞ்சாலை நிண்டு படிவத்தைப் பற்றிக் கேட்டன்.

"என்ரை சிங்களத்திலை ஒரு பிழையும் இல்லையெண்டு அந்தப் பொலிஸ்காரரே சொன்னவர், அண்ணை."

போடுவமோ, விடுவமோ

எங்கடை லோயர் ஒளிக்காமல் சொன்னார். பேசாமல் இருந்தால், நன்னடத்தைக் கழிவு போக மூண்டரை வருஷத்திலை வெளியிலை வரலாம். அப்பீல் போட்டால், அதுக்குக் காத்திருக்கிற காலம் தண்டனையிலை கழியாது, கோட் தனியாச் சொன்னாலொழிய. பிணையும் கிடைக்காது.

நான்தான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்காமல், கட்டாயம் வெல்லலாம், போடுங்கோ எண்டனான். மனுசன் யோசிக்கவேயில்லை.

"எவ்வளவு காலமெண்டாலும் இருப்பன். துவக்கு வைச்சிருந்தவன்ரை பிள்ளை எண்டு என்ரை மகளை ஒருத்தரும் சொல்லக்கூடாது."

தவணை

அவற்றை மனுசி மலர் கோட்டுக்குக் கிட்டக் கொட்டாஞ்சேனையிலை ஒரு அறை எடுத்திருந்தா. வரத் தேவையில்லை எண்டு சொன்னாலும் வழக்குக் கூப்பிடுற ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளையோடை வந்திடுவா. ஹைகோட்டிலையிருந்து பைல் வராது. வந்தால் சாட்சியம் டைப் அடிச்சிருக்காது. எல்லாம் சரிவந்த நாளிலை எங்கையாவது குண்டு வெடிச்சு றோட்டைப் பூட்டியிருப்பாங்கள். இடுப்பிலை வந்த பிள்ளை நடந்து வரத் தொடங்கீட்டுது. ஒருநாள், அடுத்த தவணைத் திகதியை நான் எழுதிக் குடுக்கேக்கை, மலர் அழாமல் சொன்னா.

"லோயர் சேர் சொன்ன மூண்டரை வருஷம் போன கிழமையோடை முடிஞ்சுது, அண்ணை."

வெண்ட கடுதாசி

வெண்டது ஐஞ்சாம் வருஷக் கடைசியிலை. பூட்டில்லாத அலுமாரி, ஆறு பேர் படுத்த அறை, படிவத்திலை பேர் எழுதினது துவக்கு வைச்சிருந்ததுக்குச் சாட்சியாகாது எண்டு தீர்ப்பு. அவர் வெளியிலை வந்த கிழமை, தீர்ப்பின்ரை அத்தாட்சிப் பிரதியை நானே எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனன். மன்னிப்புக் கேக்கத்தான் போனனான், கடுதாசியைத்தான் நீட்டினன். மகள் தகப்பனுக்குக் கிட்டப் போகாமல் தாயின்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

இதைப் பொக்கற்றிலை வைச்சிருங்கோ, செக்பொயின்றிலை காட்டலாம் எண்டன். அவர் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சார். பிறகு மடிச்சு, பெட்டிக்கு அடியிலை வைக்கச் சொல்லி மலரிட்டைக் குடுத்தார்.

"இதைக் காட்டினால், முதல் ஏன் பிடிச்சவங்கள் எண்டெல்லோ கேப்பாங்கள், அண்ணை."

மூண்டரை வருஷத்திலை முடியிற மறியலை ஐஞ்சாக்கி, வெளியிலை எடுக்கப் பயப்பிடுற ஒரு கடுதாசியும் வாங்கிக் குடுத்ததைத்தான் எங்கடை லோயர் கந்தோரிலை இண்டைக்கும் பெரிய வெற்றி எண்டு கதைக்கினம்.