ஐந்தருவிக்கு மாறாத பச்சை

குற்றாலத்து அருவிகளில் குளிக்கலாமா கூடாதா என்று காட்டும் இணையதளத்தைத் தென்காசியிலிருந்து நடத்துகிறேன். அருவிக்கு ஒரு யாமெல் (YAML) ஃபைல், அதாவது மனிதரும் கணினியும் வாசிக்கிற எளிய எழுத்து ஃபைல். பெயர், இரண்டு புள்ளி, நிலை, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், போனிலேயே திருத்தலாம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஐந்தருவி ஃபைல் அங்கே சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பொறுப்பு. சீசனில் ஒரு காலை அவர் போன் செய்தார்.

“தம்பி, தண்ணி செம்மண் நிறமா வருது, மேல வெள்ளம் போல. நான் அப்பவே ‘தடை’ன்னு மாத்திட்டேன். ஆளுக பாட்டுக்கு வாராவளே! போலீசும் இன்னும் வரல.”

பக்கத்தைத் திறந்தேன். பச்சை. ‘குளிக்கலாம்’. சற்று முன்புதான் புளியறையிலிருந்து அக்கா பேசியிருந்தாள்.

“ஏலே, உன் பக்கத்துல பச்சை காட்டுது. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நேரா ஐந்தருவிக்குப் போறோம்.”

சரி என்று சொல்லியிருந்தேன். இப்போது கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

“அண்ணாச்சி, எங்க அக்கா பிள்ளைகளோட அங்கதான் வந்துக்கிட்டிருக்கா. யாரையும் விடாம மறிங்க!”

“நான் பாத்துக்கிடுதேன். நீ அந்தப் பச்சைய மாத்து” என்று ஓடினார்.

ஃபைல் பக்கமாக மாறுவதைப் பதிகிற பில்ட் லாக்கில், முதல் வரியில் பிழை என்று இருந்தது. ஃபைல் புரியாததால் சர்வர் பழைய பக்கத்தையே வைத்துக்கொண்டிருந்தது. ஃபைலைத் திறந்தால் உச்சியில் தனியாக ஒரு ‘உ’. வழக்கமாக ஒரு சொல்லை மட்டும் மாற்றுகிறவர், பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார். புதிதாக எதை எழுதினாலும் அவருக்குப் பிள்ளையார் சுழி போட்டாக வேண்டும். அதை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பக்கம் சிவப்பாகும்வரை உட்கார முடியவில்லை.

அண்ணாச்சி போனிலிருந்து அக்கா பேசினாள். பின்னால் தண்ணீர் இரைச்சல். கடைக்காரர்கள் பெஞ்சுகளைப் போட்டுப் பாதையை மறித்திருந்தார்களாம்.

“சின்னவ பெஞ்சுக்கு அடியில பூந்து ஓடிட்டாளே. அண்ணாச்சிதான் எட்டிப் பிடிச்சாரு. உன் பச்சைய நம்பித்தான வந்தேன்?” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சுழி போடாதீர்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஹேஷ் (#) குறி போடச் சொல்லிக்கொடுத்தேன். யாமெல் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. பெரிய திருத்தம் என் பக்கத்தில்தான். இப்போது ஃபைல் புரியாவிட்டால் பழைய பச்சை நிற்காது. ‘நிலை தெரியவில்லை, இறங்காதீர்கள்’ என்று வரும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: மனிதர் வாசிக்கிற ஃபைல் என்றால் மனிதர் தம் வழக்கப்படிதான் அதில் எழுதுவார்கள். அதற்கு இடம் வைத்துவிட்டு அப்புறம் பச்சையைக் காட்டுங்கள். அதை நம்பி யாரோ பிள்ளைகளோடு கிளம்பியிருப்பார்கள்.