பொடி விற்ற அக்கா கேட்ட டாக்டர் பெயர்

இன்று காலை கருங்கலில் இருந்து நாகர்கோவில் பேருந்தில் போனேன். மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். பக்கத்தில் இருந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன தீனம் மக்களே?”

பெருங்குடல் அழற்சி, மூன்று வருடமாக இருக்கிறது என்றேன்.

“புரோட்டா நெறய தின்னுவியோ?”

எல்லோரும் கேட்பதுதான். பாக்கெட் தீனியும் மாறிப்போன சாப்பாட்டுப் பழக்கமும் இந்த நோய்க்கு வழி வகுக்கலாம், ஆனால் இதனால்தான் வந்தது என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

அவர் பையில் விற்பதற்கு வைத்திருந்த டப்பாக்களில் ஒன்றை எடுத்தார்.

“இந்தப் பொடிய மோருல கலக்கிக் குடி. மாத்திரைய நிப்பாட்டிரணும், கேட்டியா.”

மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

“இதக் குடிச்சு யாருக்குக்கா கொணமாச்சு?”

“எங்க அண்ணன் மவனுக்கு. அவனுக்கும் இதே தீனம்தான்.”

“அவரு நம்பர் தாங்க, நான் பேசிப் பாக்கேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவன் இப்போ ஆஸ்பத்திரில கெடக்கான். ரத்தமா போவுது” என்றார்.

“மாத்திரைய நிப்பாட்டுனதுனாலயா?”

டப்பா பைக்குள் போனது.

இறங்குவதற்கு முன் மெல்லக் கேட்டார். “ஒன்ன பாக்குத டாக்டரு பேரு என்ன மக்களே?”

சொன்னேன்.

அண்ணன் மகனுக்காகக் கேட்டாரா, அடுத்த பேருந்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பொடி விற்பதற்காகக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?