இன்ஜின் இல்லாத காருக்கு விலை

1. இரண்டு சைபர்

ஒருவர் நாற்பதாயிரம் என்றார். இன்னொருவர் நாற்பது லட்சம் என்றார். இருவரும் ஒரே காரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுவும் அதன் முன்னால் நின்றுகொண்டு.

நான் மோட்டார் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டியைப் பார்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று மரியாதையான இங்கிலீஷில் எழுதித் தருவது முப்பத்தொரு வருஷம் என் தொழிலாக இருந்தது. இப்போது ஓய்வு. சிட்லபாக்கத்தில் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும் என்னை, பழைய வண்டிக்கு விலை போட்டுத் தாருங்கள் என்று அவ்வப்போது யாராவது கூப்பிடுவார்கள். அப்படித்தான் ராஜகீழ்ப்பாக்கத்தில் கிரேஸ் டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சாமுவேல், வங்கி அதிகாரி, போன வருஷம் இறந்துவிட்டார். அவர் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நீலகிரி எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு கார் வாங்கினார். இரண்டே சீட், திறந்த மேல்பாகம், இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். வாங்கும்போது ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் எனக்கு வேலையே வந்திருக்காது. மனிதர் "கொஞ்சம் சரி பண்ணி" ஓட்டலாம் என்று பிரித்தார். பிரிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. திரும்பப் பூட்டுவதற்கு ஆயுள் போதவில்லை.

இப்போது வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட பில்டரிடம் கொடுத்தாகிவிட்டது. ஒரு மாதத்துக்குள் ஷெட் காலியாக வேண்டும்.

நாற்பது லட்சம் என்றவர் சாமுவேலின் தம்பி பால்ராஜ். போனில் ஏதோ வெளிநாட்டு ஏலத்தின் படத்தைக் காட்டினார். "சேம் மாடல் சார், சேம் கலர். லாஸ்ட் மன்த் போன ரேட் பாருங்க."

படத்தில் இருந்த காருக்கு நான்கு சக்கரம் இருந்தது. அதைச் சொன்னேன். அது சின்ன விஷயம் என்றார்.

நாற்பதாயிரம் என்றவர் வரதன். முடிச்சூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், சாமுவேலின் நெடுநாள் நண்பர். நண்பனின் மனைவிக்குச் சிரமம் வேண்டாமே என்று, தானே எடுத்துக்கொள்வதாக முன்வந்திருந்தார். அந்தப் பெருந்தன்மை முகத்தில் வியர்வையாக வழிந்துகொண்டிருந்தது.

"இன்னா சார் கீது இதுல? தகரம் கீது, துரு கீது. இன்ஜினே இல்லாத வண்டி. இரும்புக் கடைக்காரன் கூட யோசிப்பான்."

"இன்ஜின் எங்கே?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ பூட்ச்சு சார்" என்றார் வரதன், டீச்சர் வாய் திறப்பதற்குள்.

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னிடம், "டீ சாப்பிடறீங்களா சார்?" என்றார்.

2. பிஸ்கட் டின்

முடியாத காருக்கு விலை போடுவதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. இதுவரை ஆன செலவைக் கூட்டுவார்கள். கூட்டக் கூடாது. கார் முழுசாக முடிந்தால் என்ன விலை போகும் என்று பார்க்க வேண்டும். முடிக்க இன்னும் ஆகும் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். திறந்து பார்த்தால் தெரியப்போகிற அதிர்ச்சிகளுக்கு இன்னொரு தொகையைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் விலை. சில சமயம் மிச்சமே இருக்காது.

பால்ராஜுக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணன் இதுக்கு பதினோரு லட்சம் செலவு பண்ணியிருக்கார் சார். நோட்டுல எழுதியிருக்கார்."

"உங்க கல்யாணத்துக்கு எவ்வளவு செலவாச்சு சார்?"

"அது எதுக்கு இப்போ?"

"அதை வெச்சு உங்களுக்கு விலை போட்டா ஒத்துப்பீங்களா?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டார்.

நானும் ஷெட்டுக்குள் நிம்மதியாக வேலை பார்த்தேன். அடிச்சட்டமான சேஸிஸ் நன்றாக இருந்தது. டிங்கரிங் வேலை தரமாக முடிந்து பிரைமர் அடித்திருந்தது. இடது பக்கக் கதவு இரண்டு இருந்தது, வலது பக்கக் கதவு ஒன்றுகூட இல்லை. வைப்பர் மோட்டார் நான்கு. மழையில் ஓட்டவே முடியாத காருக்கு இவ்வளவு முன்னெச்சரிக்கை. மீதி சாமான்கள் எல்லாம் பிஸ்கட் டின்களில், ஒவ்வொன்றின் மேலும் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி. வங்கி லாக்கரில்கூட இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

கணக்கு இப்படி வந்தது: இன்ஜின் இல்லாவிட்டால் ஒன்றரை லட்சம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் நம்பரோடு அதே இன்ஜின், கெட்டுப்போன நிலையில் இருந்தாலும், கிடைத்துவிட்டால் நாலரை லட்சம். வேறு இன்ஜினை வைத்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நடக்கும் நடைக்கே ஒரு தனி விலை போட வேண்டும்.

கிளம்பும்போது டீச்சர் சாமுவேலின் நோட்டை என்னிடம் கொடுத்தார். "வீட்ல வெச்சுப் பாருங்க சார்" என்றார். ஒரு பக்கத்தில் பென்சில் செருகியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வரி: 'இன்ஜின், பிரித்து ஓவர்ஹால் பண்ண, வரதனிடம்.' பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்ஜின் இல்லாத காருக்கு என்ன மதிப்பு என்று கேட்கிற ஆள், இன்ஜினைத் தன் பட்டறையில் வைத்திருக்கிறான். பொய் கிளெய்ம் பிடிப்பதில் எனக்கு இருந்த சுகம் ஓய்வூதியத்தில் கிடைப்பதில்லை.

3. முடிச்சூர்

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் வரதனின் பட்டறைக்குப் போனேன். லேத் மெஷினுக்குப் பின்னால், மூலையில், ஏதோ ஒன்று தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. நான் தார்ப்பாயை விலக்கியபோது அவர் தடுக்கவில்லை. கர்ச்சீப்பால் துடைத்து நம்பரைப் படித்தேன். ஆர்.சி. நம்பர்தான். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"எப்பவோ போச்சுன்னீங்களே" என்றேன். குரலில் இருந்த வெற்றி எனக்கே கேட்டது.

வரதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் தன் மார்பு உயரத்தில் ஒரு கறையைக் காட்டினார்.

"இன்ஜின் வந்த அதே வருசம் வெள்ளம் வந்தப்போ, தண்ணி இதுவரைக்கும் சார். ரெண்டு நாள் நின்னுச்சு. வூட்டுப் பொம்பளைங்கள, கொயந்தைங்கள மாடிக்கு ஏத்தினேன். இன்ஜின் நெனப்பே இல்ல. தண்ணி வடிஞ்சு பாத்தா, பிஸ்டன் எல்லாம் சேத்தோட இறுகிக் கெடக்கு. சாம் ஆசையா குடுத்தது. எந்த மூஞ்ச வெச்சுகினு சொல்றது? அடுத்த மாசம் தரேன் சாம்னு சொன்னேன். அடுத்த மாசமும் அதையே சொன்னேன். அப்பறம் அவரு போயே பூட்டாரு."

"அதுக்காக நாற்பதாயிரத்துக்குக் கேட்டீங்களா?"

"கைல அவ்ளோதான் இருந்துச்சு சார். வேற எவனாச்சும் வாங்கினா இன்ஜின் எங்கன்னு கேட்டுகினு இங்கதானே வருவான்? டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சுரும்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். திருடனைப் பிடிக்க வந்தவனுக்கு வெட்கப்படுகிற ஆள் கிடைத்தால் என்ன செய்வது? இருந்தாலும் ரிப்போர்ட் ரிப்போர்ட்தான். அங்கிருந்து நேராக ராஜகீழ்ப்பாக்கம் போய், கண்டுபிடித்ததையெல்லாம் டீச்சரிடம் ஒப்பித்தேன். பால்ராஜும் அங்கே இருந்தார். "நேரா போலீஸ்தான்" என்று செருப்பைத் தேடினார்.

"உக்காருங்க தம்பி" என்றார் டீச்சர். பிறகு என்னிடம், "தெரியும் சார்."

"எப்போதிலிருந்து?"

"வெள்ளம் வடிஞ்ச வாரமே. இவங்க அண்ணன் வாளியும் மண்வெட்டியும் எடுத்துட்டு நாலு நாள் வரதன் வீட்ல சேறு அள்ளப் போனார். அப்பவே இன்ஜினப் பாத்துட்டார். வந்து எங்கிட்ட சொன்னார். 'அவனே சொல்லட்டும் கிரேஸ், நான் கேட்டா அவனால தாங்க முடியாது'ன்னார்."

எழுந்து போய் ஒரு டின் கொண்டுவந்தார். உள்ளே புத்தம் புது பிஸ்டன் செட், ஓவர்சைஸ். சிலிண்டர் துருப்பிடித்துத் தேய்ந்து, உள்ளே கடைந்து பெரிதாக்கினால்தான் அந்த அளவு பிஸ்டன் பொருந்தும். நல்ல இன்ஜினுக்கு யாரும் அதை வாங்க மாட்டார்கள். முந்தைய நாள் இதே டின்னை நான் திறந்து பார்த்து, 'தேவையற்ற கொள்முதல்' என்று குறித்து வைத்திருந்தேன்.

"எல்லாம் வாங்கி வெச்சுட்டு காத்திருந்தார். அவர் கேக்கல, இவர் சொல்லல. இப்ப நானும் கேக்க மாட்டேன். ஆனா வெளியாள் ஒருத்தர் விலை போட வந்தா வரதனே வாயத் திறப்பார்னு நெனச்சேன். நேத்து திறந்தார், தப்பா திறந்தார்."

முப்பத்தொரு வருஷ அனுபவத்தை, பென்சில் செருகிய ஒரு நோட்டை வைத்து இந்த அம்மாள் எப்படி நடத்தியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

4. லோடு ஆட்டோ

அன்று மத்தியானமே வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் இன்ஜினைக் கட்டிப்பிடித்தபடி வரதன். இறங்கி வந்து டீச்சர் முன்னால் நின்றார். பத்து வருஷம் தயார் செய்த பேச்சு எதுவும் வரவில்லை.

"நனைஞ்சிருச்சு டீச்சரம்மா" என்றார். அவ்வளவுதான்.

டீச்சர் டின்னை நீட்டினார். வரதன் திறந்து பார்த்தார், பிஸ்டனின் அளவைப் பார்த்தார். லேத்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதார். போலீஸுக்குப் போகவிருந்த பால்ராஜ் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

இன்ஜின் அதே ஆட்டோவில் முடிச்சூர் திரும்பியது. பத்து வருஷமாக 'அடுத்த மாசம்' என்றே இருந்த வேலை இருபத்து நான்கு நாளில் முடிந்தது. சிலிண்டர் கடைந்து, பிஸ்டன் மாட்டி, டீச்சர் வீட்டு ஷெட்டில் ஸ்டாண்டில் வைத்து வரதன் ஸ்டார்ட் செய்தார். தெருவே புகையில் இருமியது. என் நாலரை லட்சம் அந்தப் புகையோடு காலாவதியானது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்து, இரண்டு இடது கதவுகளையும் சேர்த்து ஏழு லட்சத்துக்கு வாங்கினார்கள். பால்ராஜ் இன்றும் முப்பத்து மூன்று லட்சம் நஷ்டம் என்கிறார்.

ஷெட்டை இடிப்பதற்கு முன்தினம் என் இறுதி ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படித்தார். கணக்கில் கை வைக்கவில்லை. படிவத்தில் 'வேலை முடியாமல் நின்றதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. முதல் நாளே, யாரையும் கேட்காமல், 'உரிமையாளரின் அக்கறையின்மை' என்று நிரப்பியிருந்தேன். பிறகு திருத்தத் தோன்றவே இல்லை. அந்த ஒரு வரியை அடித்தார்.

"வேற என்ன எழுதட்டும் டீச்சர்?"

யோசித்தார். "அதை எழுதறதுக்கு அந்தக் கட்டம் பத்தாது சார். காலியா விட்டுடுங்க."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு விலை போடச் சொல்லித்தர என்னால் முடியும். அது வெறும் கழித்தல் கணக்கு. அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றிலிருந்து நான் அதைக் காலியாகவே விட்டு அனுப்புகிறேன். ஏன் காலி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோருடைய கண்ணும் நேராகக் கடைசி வரியில் இருக்கும் தொகைக்குத்தான் போகிறது.