லேசான செங்கல்

எங்கள் மாமாவுக்குத் தறியில் உட்காரத் தெரியும். மண் மிதிக்கத் தெரியாது. ஆனாலும் நைனா கே.ஜி.கண்டிகையில் எங்களுக்கு வீடு கட்ட ஆரம்பித்தபோது, செங்கல் அறுத்துத் தருகிறேன் என்று அம்மாவின் தம்பியான அவர் தானாகவே வந்து நின்றார். கூலி ஆள் வைக்க வழியில்லாத வீட்டுக்கு இப்படி ஒரு மச்சினன் வாய்த்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஏரி மண்ணில் கொஞ்சம் உமி சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சூளையில் உமியும் சேர்ந்து எரிவதால் கல் உள்ளே வரைக்கும் வேகும். மாமாவோ கூடை கூடையாகக் கொட்டினார். வெந்து வந்த கல் சிவப்பாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. உடைத்தால், உமி எரிந்துபோன இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகள். அம்மாதான் சூளையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். வயிற்றில் பிள்ளை. அதற்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது.

"இன்னும் ரெண்டு வெய்டா, பஞ்சு மாரி கீது."

"போதும்க்கா, நட."

சுவர் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு எழும்பியது. கல் உத்திரத்தை ஏற்றிய அன்றுதான், அது உட்கார்ந்த இடத்தில் நறநறவென்று சத்தம் கேட்டது. உள்ளெல்லாம் ஓட்டையான கற்கள் நசுங்கித் தூளாகக் கொட்டின. ஆட்கள் விலகி ஓட, உத்திரம் சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

நைனா ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கினார்.

"இன்னாடா இது, செங்கல்லா ரஸ்க்கா? டீக்கடைல குடு, தொட்டுக்கினு துன்னுவானுங்க."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இம்மாம் உமி ஏன்டா போட்ட?"

"தெரியாம போட்டுட்டேன் பாவா."

"தெரியாதவன் இன்னாத்துக்குடா வந்த? இனிமே என் வாசப்படி மிதிக்காத, போ!"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். சாயங்காலமே பொதட்டூர்பேட்டை பஸ் ஏறிவிட்டார்.

தங்கை நல்லபடியாகப் பிறந்தாள். திருத்தணி மலையில் அவளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். நைனா மாமாவை அழைக்கவில்லை. தூரத்து உறவில் யாரோ ஒருவர் மடி கொடுத்தார். தங்கை வீறிட்டாள். அம்மாவும் அழுதாள். ஊசி பாப்பாவுக்கு, அழுகை அம்மாவுக்கா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் கண் அந்த வேற்று மடியை விட்டு நகரவே இல்லை.

அக்காவின் தலைச்சுமை குறையட்டும் என்றுதான் மாமா அத்தனை உமியை மிதித்துக் கலந்திருக்கிறார். நாலு பேர் முன்னால் அதைச் சொல்லியிருந்தால், பிள்ளைத்தாய்ச்சியைக் கல் சுமக்க விட்ட பழி நைனாமேல் விழுந்திருக்கும். இதெல்லாம் எனக்குப் பிடிபட்டு, நானே போய்க் கூப்பிடும் வயது வந்தபோது மாமா இல்லை.