கெயின் பத்துக்குக் குறையாது

குனிந்தபடியே கையைப் பின்னால் நீட்டுகிறார் யோகேந்திரா. அந்தக் கையில் யாராவது பொட்டு அட்டையை வைக்க வேண்டும்.

"இந்து, ஒன்னே ஒன்னு குடு. செவப்பு."

"நெத்தில வெக்க வாங்கினதுயா அது. உன் பொட்டிக்கு வெக்க இல்ல."

பொட்டி என்று அவர் மனைவி இந்திராவதி சொல்வது, ஃபிஜித் தீவில், நசினுவில் அவர்கள் வீட்டு முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை. அதன் முகத்தில் வரிசையாகக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் ஒட்டுப் பொட்டுகள். குமிழின் கோடு எங்கே நின்றால் சத்தம் நன்றாக இருக்கிறதோ, அங்கே ஒரு பொட்டு. சிவப்பு கல்யாண வீட்டுக்கு, பச்சை ஓட்டலுக்கு. கறுப்பு என்றால், இந்தப் பக்கமே திரும்பாதே என்று யோகேந்திரா தனக்குத் தானே போட்டுக்கொண்ட தடை. கறுப்புதான் அதிகம். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், பெட்டிக்கு அம்மை கண்டிருக்கிறதா என்று கேட்பார்கள்.

யோகேந்திரா பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். பஸ்ஸுக்குள் ஏறி மூக்கை உறிஞ்சியே எந்த வயர் தீய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் அடுப்பில் பருப்பு தீய்ந்தால் மட்டும் அந்த மூக்கு வேலை செய்யாது. டிப்போவில் எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். வீட்டில் அந்தப் பேருக்குக் கிராக்கி இல்லை.

பெட்டி வந்தது ஆட்சியை ராணுவம் முதல் தடவை கவிழ்த்தபோது. கடற்கரை ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஓர் ஆஸ்திரேலியாக்காரன், கிட்டாரை மட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டான். ஆம்ப் பெட்டியை, அதை எப்போதும் ரிப்பேர் செய்துகொடுத்த யோகேந்திராவுக்கே விட்டுவிட்டான். "அவன் புத்திசாலி. கெளம்பும்போது எதை உட்டுட்டுப் போவணும்னு தெரிஞ்சிருக்கு" என்பது இந்திராவதியின் தீர்ப்பு.

பெட்டிக்குள் இருப்பவை பழைய ரேடியோவில் இருந்தனவே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் வேலை செய்யாது. அணையப்போகிற கரியை ஊதினால் சிவக்குமே, அப்படி மெதுவாகச் சிவக்க வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் மிக்ஸி போடக் கூடாது, கதவை அடிக்கக் கூடாது. "வால்வு சூடாவுது, சும்மா இரு" என்பார். "எனக்கும்தான் சூடாவுது" என்பாள் இந்திராவதி.

சூடானதும் கெயின் என்கிற குமிழைப் பத்துக்குத் திருப்புவார். கெயின் என்றால் வெறும் சத்தம் இல்லை. குழம்பில் மிளகாய் மாதிரி. ஏற ஏறக் கிட்டார் கரகரக்கும், உறுமும், அழும். பத்தில் வைத்தால் மிளகாய் மட்டும்தான் இருக்கும், மீன் எங்கே என்று தேட வேண்டும். பிறகு தந்தியில் ஓங்கி ஒரே ஓர் இழுப்பு. கூரைத் தகரம் அதிரும். அலமாரியில் எனாமல் தட்டுகள் பல்லைக் கடிக்கும். நாய் எழுந்து, சோம்பல்கூட முறிக்காமல், பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவிடம் போய்விடும்.

காதில் தண்ணீர் புகுந்தவரைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். "வரல." அவர் தேடும் நாதம், டோன், இன்னும் வரவில்லை என்று அர்த்தம். கீச்சொலிக்கான டிரெபிளை நூலளவு திருப்புவார். மறுபடி அதே இழுப்பு.

"இப்ப?"

"ரெண்டும் ஒன்னாத்தான் இருக்குது."

"காதா அது?"

"காதுதான். உன்னக் கட்டுனதுலேர்ந்து வேலை செய்யல."

அவருடைய பாண்டில் முன்பு ஐந்து பேர். ராணுவம் வந்தபின், இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ரவினேஷ் சிட்னி போன மறுநாள், யோகேந்திரா பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினார். "அவன் எடத்தையும் நம்மதானே ரொப்பணும்." கீபோர்டு வாசித்த ஷாலேஷ் வான்கூவர் போனபோது டிரெபிள் ஏறியது. டிரம்ஸ்காரன் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பிரிஸ்பேனுக்குப் பறந்தான். அன்று நடுச்சத்தத்துக்கான மிட் குமிழைப் பூச்சியத்துக்கு இறக்கினார். அது எதற்கு என்று இந்திராவதி கேட்டதற்கு, "துக்கம்" என்றார்.

மிச்சம் இருப்பது பாடகர் அப்பல்சாமி ஒருவர்தான். சனிக்கிழமை வந்தால் எங்காவது ஒரு வீட்டில் வழியனுப்பு விருந்து இருக்கும். ஆட்டுக்கறி, பெரிய மரச்சட்டியில் யங்கோனா என்கிற வேர்ச்சாறு, மூலையில் இவர்கள் இரண்டு பேர். போன விருந்தில் அப்பல்சாமி கண்ணை மூடி, கையை நீட்டி, உருகி உருகிப் பாடினார். வாய் அசைந்தது தெரிந்தது. வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்திச்சு அண்ணே, இன்னா பாட்டு அது?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் அப்பல்சாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பி, கெயினக் கொஞ்சம் கொறச்சா..."

"கெயின் பத்துக்குக் கொறஞ்சா அது கிட்டார் இல்ல. பல்லுக்குச்சி."

இதெல்லாம் இந்திராவதிக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், ஆக்லாந்து மட்டும் இல்லையென்றால். அவளுடைய அண்ணன் சிவன் அங்கே ஒரு காராஜில் இருக்கிறார். மச்சானுக்கு வேலை சொல்லி வைத்துவிட்டார். விசா வந்தாயிற்று. ஆடுகளைக் கொடுத்தாயிற்று. பெரிய பானையைப் பொன்னம்மா இப்போதே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலை ஈஸ்டர் வரைக்கும்தான் காத்திருக்கும் என்று சிவன் போனில் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறார். யோகேந்திராவின் பதில் ஒன்றே ஒன்று.

"டோன் வரட்டும். வந்த அன்னிக்கே போலாம்."

"அங்க போயி வரட்டுமே."

"இந்த ஊர் கரண்டுக்குப் பழகுன வால்வு இது. அந்தக் குளிருல பாடாது."

கரண்டு அங்கேயும் இதே கரண்டுதான் என்று பஸ் டிப்போவின் மாஸ்டருக்குத் தெரியாதா? தெரியும். அவருக்குத் தெரியும் என்று இந்திராவதிக்கும் தெரியும். அந்த ஊரில் புதிதாகப் போய் நிற்கிற ஒருவரை யார் மாஸ்டர் என்று கூப்பிடப்போகிறார்கள்? அதை அவர் சொல்ல மாட்டார். டிரெபிளைத்தான் திருப்புவார்.

இரண்டாவது தடவை ராணுவம் வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். கடை திறக்கக் கூடாது, பந்து ஆடக் கூடாது, பஸ் ஓடக் கூடாது. பஸ் ஓடாததால் யோகேந்திராவுக்கு லீவு. லீவென்றால் டோன். வால்வு ஆம்பைச் சின்னதாக வைத்தால் முனகும், பெரிதாக வைத்தால்தான் பாடும். "கிட்டாரப் பத்திச் சட்டத்துல ஒன்னும் போடலியே" என்று சொல்லிக்கொண்டு, போன ஞாயிறு காலை அட்டையில் கடைசியாக இருந்த பொட்டையும் உரித்து ஒட்டிவிட்டு, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழை ஏற்றினார். வீடு அதிர்ந்தது.

இந்திராவதி ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. முக்கில் காவல் நின்ற ராணுவக்காரன்.

வாட்டசாட்டமான பூர்வீக ஃபிஜிக்காரப் பையன். படியில் பூட்ஸைக் கழற்றினான். துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல், கதவோரம் துடைப்பத்துக்குப் பக்கத்தில் சாய்த்தான். இந்தியில்தான் பேசினான். இந்த ஊரில் எல்லாருக்கும் பொதுவான வாய் அது. பேர் ஜோனே, ஊர் வட்டுகோலா, அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு சத்தம் கூடாது என்று சொல்லத்தான் வந்தான். ஆனால் சொல்லும்போதே கண் பெட்டியின் மேல் போய்விட்டது. ஊரில் அவனுக்கும் ஒரு பாண்டு இருந்ததாம்.

"பையா, ஒரு தடவை?" என்று அண்ணனிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

துடைப்பத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கி நிற்கும்போது யார் முடியாது என்பார்கள்? யோகேந்திரா கிட்டாரைக் கொடுத்தார்.

ஜோனே உட்கார்ந்தான். பொட்டுகளைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அதற்காகவே இந்திராவதிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பிறகு கையை நீட்டிக் கெயினைத் திருப்பினான். ஒன்பது, எட்டு என்று இறங்கியது. யோகேந்திரா, நகம் பிடுங்கப்பட்டவர்போல ஒரு சத்தம் போட்டார். நாலில் நிறுத்தினான். துக்கத்தில் கிடந்த மிட்டைத் தூக்கிவிட்டான். பேஸைக் குறைத்தான். பிறகு மெதுவாக இழுத்தான்.

தட்டுகள் சும்மா இருந்தன. கூரை சும்மா இருந்தது. அடுத்த அறையிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல, தொண்டையும் மூச்சுமாக ஒரு சத்தம் வந்தது. இந்திராவதியின் கையில் ரொட்டிக் கட்டை நின்றுபோனது. நாய் திரும்பி வந்து வாசலில் படுத்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னம்மா கூவினாள்.

"ஏ இந்திராவதி, ரேடியோவா அது? நல்லா இருக்குதே, கொஞ்சம் ஏத்தேன்!"

யோகேந்திராவின் முகத்தை இந்திராவதி அப்போதுதான் பார்த்தாள். தலை சாய்ந்திருந்தது. ஆனால் 'வரல' என்ற சொல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, கண்ணோரம் நனைந்திருந்தது. ஒரு நொடிதான். உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னாவோ வாசிக்கிறான்" என்றார்.

ஜோனே எழுந்து, இனிமேல் சத்தம் வேண்டாம் என்று தான் சொல்ல வந்ததையும் சொல்லிவிட்டு, இந்திராவதி கொடுத்த சூடான ரொட்டியை ஒரு கையிலும் துப்பாக்கியை மறு கையிலும் எடுத்துக்கொண்டான். யோகேந்திரா மரியாதையாகக் கேட் வரைக்கும் கூடப் போனார். அங்கே நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே, அவனுக்குப் புரியாத தமிழில் சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது.

"நாட்டத்தான் எடுத்துக்கினீங்க. எங்கூட்டு மிட்டு மேலயும் கை வெக்கணுமாடா?"

"வினாக்கா, பையா, வினாக்கா" என்று நன்றி சொன்னான் ஜோனே, ரொட்டியை மென்றுகொண்டே.

இந்திராவதிக்கு இனி நடக்கப்போவது தெரியும். உள்ளே வருவார். நேராகப் பெட்டியிடம் போவார். எல்லாவற்றையும் பழையபடி பத்துக்குத் திருப்பிவிட்டு, அது டோனே இல்லை, பல்லுக்குச்சி என்பார். ஈஸ்டர் வரும், போகும்.

கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். அட்டை காலி. நெற்றியில் இருந்த பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்து, கெயினின் கோடு நாலில் நிற்கிற இடத்தில் வைத்தாள். அடுப்பில் ரொட்டி தீய்கிற வாசனை வந்தது. தீயட்டும் என்று, கட்டைவிரலால் இன்னொரு தடவை நன்றாக அழுத்தினாள்.