தொட்டிலுக்கு ஒரு சடை

என் மகளுக்கு நான் முதன்முதலாகச் சடை பின்னிவிட்ட காலையில் அவள் அழுதுகொண்டே பள்ளிக்கூட வேனில் ஏறினாள். நான் பின்னியது அவ்வளவு இறுக்கம். புருவம் இரண்டும் மேலே ஏறி, எதையோ கண்டு திடுக்கிட்டவள் போல இருந்தாள். எனக்கோ அந்தச் சடைகளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இரண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம். ஒரு முடி வெளியே நீட்டவில்லை.

நான் சரக்குக் கப்பலில் போசன். மேல்தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம். கயிறுதான் என் பிழைப்பு. கப்பலைத் துறையில் கட்டுகிற வடத்திலிருந்து, துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்ட வரும் பைலட் ஏறுகிற கயிற்றேணி வரைக்கும் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். அறுந்ததை முறுக்கிச் சேர்ப்பதிலும், முனை பிரியாமல் கட்டுவதிலும் என்னை யாரும் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஏழாம் வகுப்புப் பெண்ணின் தலைமுடி ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

சடை பின்னும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம், என் மனைவி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததுதான். மூத்தவள் பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையின் வாய் வலுவாக இல்லை, தையல் போட வேண்டும், பிள்ளை பிறக்கும்வரை படுக்கைதான் என்றார். அப்போது நான் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தேன். அடுத்த கப்பலுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்ததும், இந்த முறை இல்லை என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எங்கள் இருவருக்குமே அம்மா இல்லை. மில்லர்புரத்து வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் எனக்கு அண்ணன் முறை. அவர் மனைவியை மயினி என்று கூப்பிடுவேன். ஆத்திர அவசரத்துக்கு அவர்கள் வருவார்கள். மற்றபடி சோறு, துணி, பாத்திரம், சடை எல்லாம் நான்.

அன்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய மகள் நேராக அம்மாவிடம் போய், ரிப்பனைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

"நாளைக்கு எனக்கு முடிய வெட்டி விட்டுருங்க."

மனைவி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கொக்கி ஊசியால் குரோஷா பின்னிக்கொண்டிருந்தாள். மாதா கோவில் பீடத்து விரிப்புகளுக்கு ஓரம் பின்னிக் கொடுப்பது அவளுக்குப் பல வருடப் பழக்கம். படுக்கையில் கிடந்த அந்த மாதங்களிலும் ஊசியை அவள் கீழே வைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, மகளைக் கட்டிலோரம் உட்காரவைத்து, படுத்த வாக்கிலேயே முடியை மூன்று காலாகப் பிரித்துக் காட்டினாள்.

"கப்பலக் கட்டுத மாதிரி கட்டாதிய. இழுக்கக் கூடாது. ஒரு கால் மேல இன்னொரு கால எடுத்து வைக்கணும், அவ்வளவுதான். அது தன்னால நிக்கும்."

இறுக்கம் இல்லாமல் ஒன்று நிற்கும் என்பதை என் கை நம்பவே பல காலைகள் பிடித்தன. பிறகு படிந்துவிட்டது. மகள் அழுவதை நிறுத்தினாள். ஆனால் பேச்சையும் குறைத்துக்கொண்டாள். அம்மாவின் வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. டாக்டரம்மா படுக்கச் சொல்வதற்கு முன்பு, பள்ளிக்கூடத்து விழாவுக்குப் போன அம்மாவை யாரோ பார்த்திருக்கிறார்கள். "கிளாஸ்ல எல்லாரும் சிரிக்காவ" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

தொட்டில் செய்யும் எண்ணம் எனக்கு வந்தது மயினியால். ஒருநாள் குழம்பு கொண்டுவந்தவர்கள், "தொட்டில் ஒண்ணும் வாங்காதிய கொழுந்தனாரே, ஒரு சீலையக் கட்டித் தொங்கவிட்டாப் போதும்" என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் ஊர் உலகத்துக்கெல்லாம் கயிறு பின்னிப் போட்டவன் என் பிள்ளைக்கு ஒரு தொட்டில் பின்னவில்லை என்றால் எப்படி? மறுநாளே கயிற்றுக் கடைக்குப் போனேன்.

"தோணிக்கா?" என்று கேட்டார் கடை அண்ணாச்சி.

"தொட்டிலுக்கு" என்றேன். அவர் நைலானை உள்ளே வைத்துவிட்டு, வெள்ளைப் பருத்திக் கயிற்றை எடுத்துப் போட்டார்.

வாரம் முடிவதற்குள் முதல் தொட்டில் தயார். சதுரச் சதுரமாகக் கண் வைத்து, ஒவ்வொரு கண்ணும் முடிச்சிட்டு, நான்கு மூலையிலும் வளையம் வைத்திருந்தேன். படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் பிடித்துக் காட்டினேன். மனைவி நன்றாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது; வயிறு குலுங்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுல புள்ளையப் போட்டா, கிரேன் கொக்கியில மாட்டிக் கப்பல்ல ஏத்திருவாவ."

அவள் சொன்னது சரி. நான் செய்திருந்தது சரக்கு வலை. கூடத்துத் தரையில் உட்கார்ந்து எல்லா முடிச்சையும் அவிழ்த்தேன். என் கை தேர்ந்த கை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கப்பலில் நான் செய்ததெல்லாம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே யாரோ முடிவு செய்தவை. சொந்தமாக ஒன்றை யோசிக்கச் சொல்லி அந்தக் கையை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்க நான் வீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இடியாப்பம் பிழியும்போது தட்டில் விழும் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்து, முடிச்சே இல்லாமல் ஒரு வட்டமாக நிற்பதைப் பார்த்தேன். மாவு ஆறும்வரை பார்த்ததால் அன்றைய இடியாப்பம் கல்லாகப் போனது. மனைவியின் குரோஷாவில் சிப்பி சிப்பியாக வருகிற ஓரத்தைப் பார்த்தேன். அவள் ஒரே துளையில் பல தடவை நூலை எடுத்து விசிறி போல விரிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் கண்முன்னால் நடந்த வேலை. எப்படி நடக்கிறது என்று நான் கவனித்தது அப்போதுதான்.

விடை கிடைத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். தலைக்குக் குளிக்கப் போவதற்காக மகள் சடையை அவிழ்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் போய்விட்டது. ஆனால் முடி பின்னலை மறக்காமல் அலை அலையாகக் கிடந்தது. அலைகளுக்கு நடுவில் மீன்கண் மாதிரி சின்னச் சின்ன இடைவெளி.

"ஏளா, அப்படியே இரி" என்றேன்.

"என்னப்பா?"

"உன் முடியப் பாக்கணும். தொட்டிலுக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கயிற்றை எடுத்து, அவள் முடி எவ்வளவு தளர்ந்திருந்ததோ அவ்வளவு தளர்வாகப் பின்னினேன். மெத்தென்று வந்தது. அப்படிப் பல சடைகளை வரிசையாக வைத்து இணைத்தால் படுக்கை மாதிரி ஆகும். ஆனால் அழுத்திப் பார்த்தபோது பின்னல் நழுவி ஒரு பக்கம் குவிந்தது. மறுபடி அவிழ்த்தேன். மறுபடி நழுவியது.

பார்த்துக்கொண்டிருந்தவள், "மீன்வால் போடுங்க, அது நழுவாது" என்றாள்.

"அது எப்படி?"

அவள் தன் முடியை முன்னால் இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மூன்று காலுக்குப் பதிலாக இரண்டு. ஒன்றின் வெளியோரத்திலிருந்து ஒரு மெல்லிய இழையை எடுத்து மற்றதில் சேர்த்தாள். அடுத்த பக்கத்திலிருந்து ஒன்று. கண்ணாடி இல்லை, கீழே பார்க்கவுமில்லை; விரல்கள் தாமாகவே போய்வந்தன. என் கண்முன்னால் மீன்முள் போல ஒரு சடை இறங்கியது. என் விரல்களுக்கே அவ்வளவு வேகம் கிடையாது.

"உனக்கே சடை பின்னத் தெரியுமா?"

"அஞ்சாங் கிளாஸ்ல இருந்தே தெரியும்."

"பிறகு எதுக்குளா தினமும் எங்கிட்ட வந்து உக்காருத?"

அவள் கயிற்றின் முனையைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "தெரிஞ்சாலும் யாராவது பின்னி விடணும்லா" என்றாள். பிறகு குரல் இன்னும் இறங்கி, "பாப்பா வந்துட்டா அம்மாவுக்கு நேரம் இருக்காது. நீங்க கப்பலுக்குப் போயிருவிய" என்றாள்.

பிறந்ததிலிருந்து பாதி நாட்கள் என்னைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை. போகமாட்டேன் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஊருல இருக்க வரைக்கும் காலச் சடை என் வேல" என்றேன். "இல்லாத நாளைக்கு அம்மா. அத நான் அம்மாகிட்ட பேசி வாங்கித் தாரேன்." படுக்கையறையிலிருந்து, "எனக்கும் காது கேக்கு. பாப்பா அழுதாலும் சரி, உன் சடை முடிஞ்சுதான் மத்தது" என்று குரல் வந்தது. மகள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தொட்டிலை நாங்கள் மூன்று பேரும் செய்தோம். அடியும் பக்கங்களும் மீன்வால் பின்னல், அது நானும் மகளும். மேல்விளிம்பில் சுற்றிவரச் சிப்பி ஓரம், உள்ளே போட ஒரு குரோஷா விரிப்பு, அது மனைவி. தொங்கவிடும் கயிறுகளின் முடிச்சுகளில் மட்டும் நான் யாரையும் கை வைக்க விடவில்லை. கூடத்துக் கொக்கியில் மாட்டியதும் முதலில் அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். ஆளை ஏற்றும் முன் எடையை ஏற்றிப் பார்ப்பது கப்பல் வழக்கம். மூட்டை அசையாமல் கிடந்தது. அதை இறக்கிவிட்டு நான் திரும்புவதற்குள் மகள் ஏறி, முழங்காலை மடக்கி உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்குளா" என்றேன்.

"விடுங்க. இறங்குறப்ப இறங்கட்டும்" என்றாள் மனைவி.

அதன்பிறகு வீட்டுப்பாடம், வாசிப்பு எல்லாம் தொட்டிலில்தான். பிள்ளை வருவதற்கு முன்பே அந்தத் தொட்டிலில் ஒரு பிள்ளை இருந்தது. நான் அவளை ஒருநாளும் இறக்கிவிடவில்லை.

வலி, குறித்த தேதிக்கு முன்னதாகவே வந்தது. காலைச் சடையில் ஒன்று முடிந்து, அடுத்ததற்கு வகிடு எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அண்ணன் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்தார். மயினி மனைவியைத் தாங்கிக்கொண்டார்கள். மகள் பள்ளிச் சீருடையில், ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரித்த முடியுமாக வந்து ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் மனைவியை உள்ளே கொண்டுபோனதும் கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். புயலில் மேல்தளத்தில் நின்றிருக்கிறேன். அப்போது செய்வதற்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். இங்கே எதுவுமில்லை. "திரும்பு" என்று சொல்லி அவளது அடுத்த சடையைப் பின்னத் தொடங்கினேன். நடைக்கூடத்தில் போவோர் வருவோரெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். சீப்பு இல்லை, விரலாலேயே வாரினேன். பாதி பின்னியபோது உள்ளே ஒரு குழந்தை அழுதது. சடையை விடாமலே நான் எழுந்துவிட்டேன். மகள் "யப்பா, முடி" என்றாள்.

பெண் குழந்தை. எடை குறைவு. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த நாட்களை நான் விவரிக்கப் போவதில்லை. தேறிவிட்டாள், தாயும் தேறினாள்.

வீட்டுக்கு வந்து தொட்டிலில் போட்ட முதல் நாளே தூங்கினாள். தூக்கியபோது ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் சிப்பி சிப்பியாக குரோஷா அச்சு. மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதைப் போட்டோ எடுத்துத் தன் சிநேகிதிகள் எல்லோருக்கும் அனுப்பினாள், தன் தங்கச்சி என்று. விரிப்பை எடுத்துவிட்டுப் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டோம். மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் முதலில் அந்தச் சேலையை எடுத்து நீட்டியது அவள்தான்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அடுத்த அறையில் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கணவர் துபாயில். நான் சடை பின்னியதைப் பார்த்துத்தான் என் மகளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். தொட்டிலின் போட்டோவைக் காட்டியதும், எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அதை மகள் முக்கால்வாசி தானே பின்னினாள். முடிச்சுகள் மட்டும் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கொண்டுபோனோம். அந்த ஊரின் ஒடுங்கிய சந்துகளில் வண்டியை நிறுத்தவே இடம் தேட வேண்டியிருந்தது. தொட்டிலை மாட்டி, பிள்ளையைக் கிடத்தி, அந்தப் பெண் போனை உயர்த்திப் பிடித்தாள். துபாயிலிருந்து கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "மெல்ல ஆட்டு" என்றார். நானும் அப்படிப் போனில் பார்த்தவன்தான். வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இப்போது யாராவது, "உங்களுக்கு இந்த வடிவமெல்லாம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால், வீட்டில் இருந்து என்று தயங்காமல் சொல்கிறேன். எத்தனையோ துறைமுகம் பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியது அடுக்களைக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவில் கிடந்தது. அடுத்த மாதம் கப்பலேறுகிறேன். பெட்டியில் ஒரு சுருள் பருத்திக் கயிறும் போகிறது. என்ன செய்யப் போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் செய்வேன்.

அன்று காயல்பட்டினத்திலிருந்து திரும்பும்போது, சந்து முனையில் ஒரு பழைய வீட்டு ஜன்னலில் மெல்லிய மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒரு தட்டி வைத்திருந்தார்கள்.

"யப்பா, நிப்பாட்டுங்க" என்றாள் மகள்.

நிறுத்தினேன். அவள் இறங்கிப் போய் அதன் முன்னால் நின்று, எந்தச் சட்டம் எதன்மேல் போகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள். நான் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, வருகிற டூவீலர்களுக்கு வழிவிட்டு நின்றேன்.